கொம்பையாவின் கொம்பு

அப்சானா பெயர் வெட்டாத பாத்திரம் கோவில்பட்டியில் இருக்கிறதென்றால், ஒன்று அது பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டுக்காரர்கள் சொந்த ஊர்க் கடையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்ப் பாத்திரம் வாங்குகிற பெருமைக்காரர்களாக இருக்க வேண்டும். இரண்டாவது வகையை அவள் மன்னிப்பதே இல்லை. மார்க்கெட் ரோட்டில் கணவன் ஹக்கீமின் பாத்திரக்கடை வாசலில் ஒரு முக்காலியும் ஒரு மரப்பெட்டியும் போட்டு, கையில் டர்ரென்று அதிர்கிற ஊசி மிஷினைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணச் சீர்வரிசை, கோயில் அண்டா, நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பள்ளிவாசல் தேக்சா, சத்துணவு வாளி என்று எது வந்தாலும், பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. நேரே எவர்சில்வர் மேல் எழுதிவிடுவாள். எழுத்து ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை மாதிரி இருக்கும்.

அந்த விரல்கள்தான் இந்த வருஷம் வேலைநிறுத்தம் அறிவித்தன. முதலில் ஆள்காட்டி விரல் மரத்துப்போனது. அதற்கு ஆதரவாகக் கட்டைவிரல் இறங்கியது. பிறகு மொத்தக் கையும் சேர்ந்துகொண்டது. முந்தானையில் ஊசி குத்த முடியவில்லை, அவரைக்காய் நாரை உரிக்க முடியவில்லை. நரம்பு டாக்டர் இரண்டு நிமிஷம் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, அதிர்கிற மிஷினை இனிமேல் தொடக்கூடாது, தொட்டால் விரல்களை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

ஹக்கீம் ரொம்ப நல்லவன். நல்லவர்கள் சொல்கிற யோசனைதான் சில சமயம் தாங்க முடியாது.

"பேசாம நைட்டி யாவாரம் பண்ணேன்" என்றான். "மாடி சும்மாதான கெடக்கு. உக்காந்த எடத்துல யாவாரம். கைக்கும் நோவு இல்ல."

"நைட்டியில பேரு வெட்ட முடியுமா மச்சான்?"

"நைட்டியில எதுக்குப் பேரு?"

"அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பெயர் வெட்டுவது அவளுக்குப் பிழைப்பு மட்டும் இல்லை. ஒரு ஆள் வாயால் சொல்கிற பெயர் தன் கை வழியாக இறங்கி உலோகத்தில் நிற்கிற அந்த நேரம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அது இல்லாத ஒரு நாளை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. ஆகவே, அதிராத மிஷின் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்த அன்றைக்கே ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. அதைக் காளீஸ்வரியிடம் மட்டும் சொன்னாள். காளீஸ்வரி அந்தக் கடையில் பில் போடுகிறவள், ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அப்சானாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"மிஷினே எல்லாத்தையும் வெட்டிட்டுன்னா அது நான் வெட்டுனதாகுமாட்டி?"

"மிக்ஸியில அரைச்சா அது ஒன் சட்னி இல்லையா? போட்டி அங்கிட்டு" என்றாள் காளீஸ்வரி. பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்சானாவுக்கு வயிற்றுக்குள் பாதிதான் இறங்கியது.

அந்த வாரமே ஜானகியம்மாள் கடைக்கு வந்தார். கடம்பூர் போகிற வழியில் அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஃபேக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கும் ஆபீசுக்குப் போகிறோம் என்று சொல்வதில் ஒரு மிடுக்கு உண்டு. ஆபீஸ் தொடங்கி நாற்பது வருஷம் ஆகிறதாம். வேலை பார்க்கிற எண்ணூறு பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி, அதில் அவரவர் பெயர் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

"சிவகாசியில ஒருத்தன் ஸ்டிக்கர் ஒட்டித் தாரேங்கான். ஸ்டிக்கர் எத்தனை நாளைக்கு நிக்கும்? நம்ம பிள்ளைகளுக்கு நீ வெட்டுனாத்தான் சந்தோஷமா இருக்கும். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு நானே வாரேன். ஒண்ணு வெட்டி வை, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

எண்ணூறு பெயரை ஊசி மிஷினில் வெட்டினால் கை மட்டுமல்ல, ஆளே மிஞ்ச மாட்டாள். சரியான மிஷின் அகப்பட்டால் தொழில் நிற்கும். அகப்படாவிட்டால் மாடியில் நைட்டி தொங்கும். இதில் மூன்றாவது வழி என்று எதுவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அப்சானா, காளீஸ்வரி, ஹக்கீம் மூன்று பேரும் மதுரைக்கு பஸ் ஏறினார்கள். மற்றவர்கள் மதுரைக்குப் போனால் வெறுங்கையோடு போய்ப் பை நிறைய வருவார்கள். அப்சானா பை நிறையப் போனாள். கனமான பித்தளைச் செம்பு ஒன்று, ஊதினால் பறக்கிற மெல்லிசு டம்ளர் இரண்டு, ஒரு தூக்குவாளி, ஒரு தட்டு, கூடவே ஒரு பொட்டலத்தில் புளியும் கம்பி நாரும். மிஷின் பார்க்கப் போகிறவளுக்குப் புளி எதற்கு என்று ஹக்கீம் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிவிட்டது, எதைக் கேட்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

கடைக்காரர் பெயர் ராஜமணி. கழுத்தில் அடையாள அட்டை, ஏசி அறை, போனதும் லெமன் ஜூஸ். முதலில் ஒரு கைமிஷினைக் காட்டினார். அதில் ஒரு பக்கம் பித்தளை அச்செழுத்துகளை வரிசையாக அடுக்க வேண்டும். ஒரு கம்பியால் அந்த எழுத்தின் பள்ளத்தில் கோடு இழுத்துக்கொண்டே போனால், மறு பக்கம் அதே எழுத்தை ஒரு வெட்டூசி பாத்திரத்தில் வெட்டும். அப்சானாவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அதிர்வே இல்லை. கைக்கும் வேலை இருக்கிறது.

"தமிழ் எழுத்து எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

ராஜமணி அச்சுப் பெட்டியைத் திறந்தார். ஏ முதல் இசட் வரை இங்கிலீஷ் எழுத்துகள் மின்னின. தமிழ் அச்சு வேண்டுமென்றால் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்றார்.

"தமிழ்ல எழுத்து எத்தனைன்னு தெரியும்லா?" என்றாள் காளீஸ்வரி. அதோடு அந்தப் பெட்டி மூடப்பட்டது.

இரண்டாவது, கம்ப்யூட்டர் சொல்கிறபடி புள்ளி புள்ளியாகக் குத்துகிற மிஷின். இரும்புத் தகட்டில் அது அழகாகக் குத்தியது. அப்சானா தன் மெல்லிசு டம்ளரை நீட்டினாள். மிஷின் மூன்று புள்ளி குத்துவதற்குள் டம்ளர் பொக்கைவாயாக உள்ளே போய்விட்டது. எங்கள் ஊரில் மொய்க்குப் பதிலாக வருகிற டம்ளரெல்லாம் அந்தக் கனம்தான். அதை இந்த மிஷினில் கொடுத்தால் வீட்டுக்காரி நம்மைத்தான் குத்துவாள்.

மூன்றாவது லேசர். சின்னப் பீரோ மாதிரி ஒரு பெட்டி, அதற்கு மேலே ஒரு கை நீண்டிருந்தது, கீழே உருண்டைப் பாத்திரத்தைப் பிடித்து மெல்லச் சுற்றுகிற ஒரு பிடி. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். ஹக்கீம் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடிச் சுவரில் தன்னைப் பார்த்துக்கொண்டான்.

"உங்க பேர் என்னக்கா?"

"அப்சானா."

திரையில் தமிழ் எழுத்துப் பலகை ஒன்று வந்தது. உயிரும் மெய்யும் கொம்பும் காலும் எல்லாம் தனித்தனிக் கட்டமாக இருந்தன. "வாயால சொல்ற மாதிரி வரிசையா அடிச்சாப் போதும்க்கா, போன்ல அடிக்கிற மாதிரித்தான்" என்று ராஜமணி தட்டினார். டம்ளர் மேல் ஒரு வெள்ளை வெளிச்சம் துள்ளி ஓடியது. நாலு நொடிதான். டம்ளரில் ‘அப்சானா’ என்று கறுகறுவென்று நின்றது. நசுங்கவில்லை, சத்தமில்லை, கை அதிரவில்லை.

அப்சானா பையிலிருந்து புளியை எடுத்தாள். ஏசி அறையில் உட்கார்ந்து, புளியும் கம்பி நாரும் போட்டு அந்த டம்ளரைத் தேய்த்த தேய்ப்பில் ராஜமணி கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார். கழுவிப் பார்த்தால் எழுத்து ஒரு முடியளவுகூட மங்கவில்லை. பித்தளைச் செம்பில் ‘ஹக்கீம்’ என்று வெட்டிப் பார்த்தார்கள், வந்தது. தூக்குவாளியில் ‘காளீஸ்வரி’ வந்தது. தட்டில் ‘ராஜமணி’ வந்தது. கடைசியாக, ‘ஜானகியம்மாள்’ என்று முதலாளியம்மா பெயரையும் வெட்டிப் பார்த்தாள். அதுவும் அப்படியே அச்சாக வந்து உட்கார்ந்தது. ஐந்துக்கு ஐந்தும் சரி.

"பத்து நாள் வச்சுப் பாருங்கக்கா. பிடிக்கலைன்னா ஒரு போன் போடுங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்" என்றார் ராஜமணி. இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்சானாவுக்கு அங்கேயே ஆடிப்பாட வேண்டும் போலிருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று பேரும் சாத்தூர் வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டு, அந்த மிஷினை எந்த மூலையில் வைப்பது என்று பேசிப் பேசியே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வியாழக்கிழமை சாயந்தரம் மிஷின் வந்து கடை மூலையில் உட்கார்ந்தது. மறுநாள், ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குக் கொம்பையா வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் திறந்த முதல் நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது அங்கே வாட்ச்மேன். ராத்திரி பெய்த மழையில் கரிசல் மண் அவர் செருப்பில் இரண்டு அங்குலத்துக்கு அப்பியிருந்ததால் வழக்கத்தைவிட உயரமாக இருந்தார். கையில் புதுத் தூக்குவாளி இரண்டு.

"மொத தூக்கு எம்பேர்லதான் இருக்கணும்னு முதலாளியம்மா சொல்லிட்டாக. ஒண்ணு சரியில்லைன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டா குடுத்து விட்டாக" என்று பெட்டி மேல் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். "நல்லா அழகா வெட்டணும் தாயி. நம்ம பேருல ரெண்டு கொம்புல்லா."

"நாலு நொடி அண்ணாச்சி, டீ வாரதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றாள் காளீஸ்வரி.

அப்சானா பிஸ்மில்லா சொல்லி, தூக்குவாளியைப் பிடியில் மாட்டினாள். மதுரையில் ஐந்துக்கு ஐந்து சரியாக வந்திருந்ததால் வேறு பழைய தகட்டில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காளீஸ்வரி வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினாள். வெளிச்சம் ஓடியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்று பேரும் குனிந்தார்கள்.

க தனியாக நின்றது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு, பின்பக்கம் போய்க் காலோடு ஒண்டிக்கொண்டிருந்தது. ப மொட்டையாக நிற்க, அதன் சங்கிலிக் கொம்பு அடுத்த வீட்டு ‘யா’வின் வாசலில் காவலுக்கு நின்றது. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது யார் பெயரும் இல்லை.

கொம்பையா தூக்குவாளியை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தாயி, எங்கய்யா வச்ச கொம்பு ரெண்டும் எங்க?"

"இந்தா இருக்கு அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நிக்கி" என்றாள் காளீஸ்வரி.

"கொம்பு முன்னால இருந்தாத்தான மாடு? பின்னால இருந்தா என்னத்துல சேத்தி?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை மதுரையில் வெட்டிப் பார்த்த ஐந்து பெயர்களையும் அப்சானா மனசுக்குள் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். அப்சானா, ஹக்கீம், காளீஸ்வரி, ராஜமணி, ஜானகியம்மாள். ஒன்றில்கூடக் கொம்பு இல்லை. கொம்பே இல்லாத ஐந்து பேராகப் பொறுக்கி எடுத்துப் போய்க் கொம்பு முட்டுமா என்று பார்த்திருக்கிறார்கள்! எங்கள் சீமையில் கொம்பில்லாத பெயர் எத்தனை இருக்கும்? பொன்னுத்தாய், செல்லத்தாய், வேலம்மாள், கோமதி, சொர்ணம், தெய்வானை. ஊர் பெயரே கோவில்பட்டி. அதற்கும் கொம்பில்லாமல் முடியாது.

காளீஸ்வரி ராஜமணிக்குப் போன் போட்டாள். "அது சாஃப்ட்வேர் பிரச்சினைக்கா. அடுத்த வாரம் ஆள் வருவாரு. இல்ல, மிஷின் வேணாம்னாலும் சொல்லுங்க, வண்டி அனுப்பிடுறேன்" என்றார் ராஜமணி. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நாலு மணிக்கு முதலாளியம்மா வருவார், மரியாதையை வெட்டி அவர் கையில் கொடுக்க முடியாது.

பழைய தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு வெட்டிப் பார்த்தார்கள். எழுத்தின் வடிவத்தை மாற்றினார்கள், அளவை மாற்றினார்கள், காளீஸ்வரி கோபத்தில் மிஷினையே அணைத்துப் போட்டாள். எப்படிச் செய்தாலும் கொம்பு பின்னால்தான் போய் நின்றது. போனில் அதே பெயரைத் தட்டினால் சரியாக வருகிறது. க தட்டிவிட்டுக் கொம்பு தட்டினால், போன் தானாகவே கொம்பைப் பிடித்து முன்னால் தள்ளிவிடும். அந்த நாசூக்கெல்லாம் இந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை.

பகல் ஒரு மணிக்கு ஹக்கீம் சாப்பாட்டுப் பையோடு வந்தான். தட்டுகளைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான். நைட்டி என்ற சொல் அவன் தொண்டை வரைக்கும் வந்தது அப்சானாவுக்குத் தெரிந்தது. நல்லவேளை, அவன் அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

"வண்டியை அனுப்பச் சொல்லிருட்டி" என்றாள் அப்சானா. "நல்ல தூக்கு இன்னும் ஒண்ணு இருக்குல்லா? அதைக் கையாலயே வெட்டிக் குடுத்துருதேன். அண்ணாச்சிக்காவது ஒழுங்கான பேரு கெடைக்கட்டும். இதுதான் கடைசி."

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று ஹக்கீம் தடுத்தான்.

"ஒரு பேருதான் மச்சான். ஒண்ணே ஒண்ணு."

மரப்பெட்டியைத் திறந்து பழைய ஊசி மிஷினை எடுத்தாள். மிஷினைத் தொட்டுப் பல நாள் ஆகிவிட்டதால், கை பழக ஒரு உடைந்த தட்டில் முதலில் வெட்டிப் பார்க்க நினைத்தாள். தட்டை மடியில் வைத்து மிஷினை ஓட்டினாள். டர்ரென்ற சத்தம் கேட்டதும் விரல்களுக்குள் எறும்பு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொம்பையா என்று வெட்டத் தொடங்கினாள். ஒரு சுழி வளைந்தது. சட்டென்று மிஷினை நிறுத்தினாள்.

"வலிக்குதா?" என்று ஹக்கீம் பதறினான்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காளி, இங்க வா. நான் மொதல்ல எதை வெட்டியிருக்கேன்னு பாரு."

காளீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "கொம்பை."

"க எங்க?"

"இன்னும் வெட்டலை."

"எழுதுறப்ப மொதல்ல கொம்பு. அப்புறம் க. அப்புறம் கால். வாய் சொல்லுத வரிசை வேறட்டி, கை எழுதுத வரிசை வேற! பதினெட்டு வருஷமா என் கை கொம்பைத்தான் மொதல்ல போடுது. நாம அந்தப் பெட்டிக்கிட்ட வாயைக் குடுத்துருக்கோம். கையைக் குடுக்கணும்."

காளீஸ்வரி "அடி கள்ளி!" என்று கத்திக்கொண்டு மிஷினுக்கு ஓடினாள். அணைத்துப்போட்டது உயிர்பெற்று எழுவதற்குள் அவளுக்கு ஒரு யுகம் ஆனது. பழைய தட்டு ஒன்றைப் பிடியில் மாட்டினார்கள். அப்சானா அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஊசி இல்லாத கையால் காற்றில் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"கொம்பு."

தட்டினாள்.

"க. கால். ம, புள்ளி. பொறு, ப போடாத. சங்கிலிக் கொம்பு மொதல்ல."

"சரி. அப்புறம் ப."

"ய. கால்."

வெளிச்சம் ஓடியது. ஹக்கீம் கறுப்புக் கண்ணாடி மாட்ட மறந்து, கையால் கண்ணைப் பொத்திக்கொண்டான். தட்டில், கொம்பு இரண்டும் அதனதன் இடத்தில் முன்னால் நிற்க, ‘கொம்பையா’ என்று ஒரு மனுஷன் பெயர் முழுசாக நின்றது.

மார்க்கெட் ரோட்டில் அன்றைக்கு எழுந்த கூச்சலைக் கேட்டு, எதிர்த்த கடலைமிட்டாய்க் கடைக்காரர் யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். அப்சானாவும் காளீஸ்வரியும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கொம்பையா தட்டை வாங்கித் தன் பெயர் மேல் விரலை ஓட்டிவிட்டு, "தாயி, இப்ப முட்டும்" என்றார். இந்தத் தடவை எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. கடலைமிட்டாய்க்காரர் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

அதன் பிறகு நல்ல தூக்குவாளியைப் பிடியில் மாட்டி வெட்டினார்கள். அதற்கு அப்சானா எழுத்து வடிவத்தையும் மாற்றச் சொன்னாள். மிஷினில் வந்த எழுத்து ஒல்லியாக நின்றது அவளுக்குப் பிடிக்கவில்லை. கொம்பின் சுழியைப் பெரிதாக்கச் சொன்னாள், கால் நீளத்தைக் குறைக்கச் சொன்னாள், எழுத்துக்கு எழுத்து இடைவெளியை நெருக்கச் சொன்னாள். "போதும்டி" என்று காளீஸ்வரி மூன்று தடவை சொன்ன பிறகும் அவள் விடவில்லை. மூன்றரை மணிக்குத்தான் வெட்டி முடித்தார்கள். தூக்குவாளியில் எழுத்து உருண்டு திரண்டு, நன்றாகச் சாப்பிட்டதாக இருந்தது.

நாலு மணிக்குக் கார் வந்து நின்றது. ஜானகியம்மாள் இறங்கி, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தூக்குவாளியை வாங்கினார். முதலில் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் படித்தார். கொம்பையா, ஆபீசில் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"எழுத்து லட்சணமா இருக்கு" என்றார் ஜானகியம்மாள். அவர் பார்வை மூலையில் இருந்த மிஷினுக்குப் போனது. "ஏம்மா, உனக்குக் கை முடியலைன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். இது நீ வெட்டுனதா, இல்ல அந்தப் பெட்டி வெட்டுனதா? பெட்டிதான் வெட்டும்னா, அதுக்கு நான் எதுக்கு உன்னைத் தேடி வரணும்? சிவகாசிக்காரனும் அந்தப் பெட்டியைத்தான வச்சிருக்கான்? அவன்ட்டயே ஸ்டிக்கருக்குப் பதிலா இதைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருவேன்."

இத்தனை நாளும் அப்சானா தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். நான்தான் வெட்டினேன் என்று சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று இருந்தது. மிஷின் வெட்டியது என்று சொன்னால் எல்லாமே போய்விடும். காளீஸ்வரி அவள் முழங்கையை இடித்தாள்.

ஓரமாக நின்ற கொம்பையா கையை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார். மரப்பெட்டி மேல் கிடந்த, காலையில் பாழாய்ப்போன தூக்குவாளியை எடுத்து, நல்லதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"முதலாளியம்மா, இங்க பாருங்க. காலையில அந்தப் பெட்டியை அது இஷ்டத்துக்கு விட்டோம். கொம்பு எந்தப் பக்கம் வரும்னே அதுக்குத் தெரியலை." பாழானதைத் தட்டிக் காட்டினார். "இது மிஷின் வெட்டுனது." பிறகு நல்லதைத் தூக்கி, பெயர் தெரிகிற மாதிரித் திருப்பிப் பிடித்தார். "இது நம்ம அப்சானா வெட்டுனது."

ஜானகியம்மாள் பாழான தூக்குவாளியைப் படித்துப் பார்க்க முயன்றார். ஒரு தடவை முயன்றார், இரண்டு தடவை முயன்றார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்சானாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்கு அழுகையும் வந்தது. அதை அவள் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தன் வேலை தன்னிடமே இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

ஜானகியம்மாள் காரிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து வரச் சொல்லி மரப்பெட்டி மேல் வைத்தார். எண்ணூறு பெயர், இருபது தாள்.

காளீஸ்வரி மிஷின் முன்னால் உட்கார்ந்து முதல் தாளைப் பிரித்தாள். "பொன்னுத்தாய். சொல்லுட்டி, மொதல்ல என்ன?"

அப்சானா அவள் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினாள்.

"கொம்பு" என்றாள்.